பந்தக்கால் முதல் பட்டா வரை

திருவையாற்றில் ரயில் நிலையம் கிடையாது. தஞ்சாவூரில் இறங்கி, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டி 13 கிலோமீட்டர் போக வேண்டும். குளிர்சாதன அரங்கம் இல்லை. காவிரிக் கரையில் பந்தல்தான். பாடுகிறவருக்குச் சன்மானம் இல்லை, பக்கவாத்தியக்காரருக்கும் இல்லை. மேடையில் கிடைப்பதோ சில நிமிடங்கள். இத்தனை ‘இல்லை’களுக்கு நடுவிலும், தியாகராஜர் ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமி வந்துவிட்டால் கர்நாடக இசை உலகமே அந்தச் சின்ன ஊருக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

இப்படி ஒரு விழா நம் ஊரிலும் வேண்டும் என்று நினைக்காத ஊர் குறைவு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நாலு பேர், மளிகைக்கடை முதலாளி ஒருவர் என்று கூடிப் பேசுகிறார்கள். வசூல் நடக்கிறது, பந்தக்கால் நடுகிறார்கள், முதல் ஆண்டு அமோகமாக நடக்கிறது. இரண்டாம் ஆண்டு அழைப்பிதழில் யார் பெயர் மேலே வருவது என்று முணுமுணுப்பு. நான்காம் ஆண்டு விழாவைக் காணோம். கேட்டால், கலைஞர் கிடைக்கவில்லை, மழை வந்துவிட்டது, தேர்தல் வந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. ‘இது யாருடைய விழா?’ என்ற கேள்விக்கு ஊர் முழுவதும் ஒப்புக்கொள்கிற பதில் இல்லாமல் போயிருக்கும்.

இந்தக் கேள்வியில் திருவையாறு பட்ட பாடு வேறு எந்த ஊரும் பட்டிருக்காது. அதனால்தான் புதிதாக விழா தொடங்க நினைப்பவர்கள் அந்த ஊரின் மேடையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், அதன் பழைய வழக்குகளையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி

தியாகராஜர் பிறந்தது 1767இல், திருவாரூரில். வாழ்ந்ததும் பாடியதும் உஞ்சவிருத்தி எடுத்ததும் திருவையாற்றில். 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் உடலைத் தகனம் செய்யாமல் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். மேலே சிறிய பிருந்தாவனம் ஒன்று எழும்பியது. அதோடு சரி. சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய், அவரவர் வீட்டில் குருவின் திதியைக் கொண்டாடினார்கள். ஊருக்குப் பொதுவாக விழா என்று எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே போயிற்று.

1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சமாதியைப் பார்க்க வந்தார்கள். இளம் வயதில் தியாகராஜரிடமே பாடம் கேட்டவர்கள்; அப்போது முதியவர்கள். சமாதி இடிந்து, புதர் மண்டி, இன்னும் சில ஆண்டு விட்டால் இடமே தெரியாது என்ற நிலையில் கிடந்தது. அதைச் செப்பனிட்டுக் கல்வெட்டும் பதித்தார்கள். ஆண்டுத் திதியை இனி இங்கேயே, சமாதியிலேயே நடத்துவது என்றும் முடிவானது.

முதிய சீடர்கள் விதை போட்டார்கள் என்றால், அதை விழாவாக வளர்த்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர்: தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவருடைய தம்பி பஞ்சு பாகவதரும். தில்லைஸ்தானம், திருவையாற்றுக் கோயிலின் ஐயாறப்பர் பல்லக்கு சுற்றிவரும் ஏழு ஊர்களில் ஒன்று. சப்தஸ்தானம் என்ற ஏழூர்த் திருவிழாவை நெடுங்காலமாக நடத்திப் பழகிய வட்டாரம் அது. வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது அந்த மக்களுக்குக் கைவந்த கலை. சகோதரர்கள் இருவரும் பெரிய வித்வான்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவர்களும் வந்தார்கள், திதி என்பது இசை விழாவாக மாறத் தொடங்கியது.

சில ஆண்டுகளிலேயே அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. விழா இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்னக் கட்சி. சகோதரர்கள் போன பிறகும் கட்சிகள் போகவில்லை. ஒரே மகானுக்கு இரண்டு விழா, இரண்டு வசூல், வித்வான்களிலும் இரண்டு அணி. இந்தப் பிளவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலையில் அடித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிர்க்கட்சி எந்த வித்வானை அழைக்கிறது என்று பார்த்து அதைவிடப் பெரியவரை அழைக்க வேண்டிய கட்டாயம் இரு தரப்புக்கும் இருந்தது. வசூல் குறைந்தால் ஊர் சிரிக்கும். சண்டை இல்லாமல் ஒரே குழுவாக இருந்திருந்தால் இவ்வளவு வீறாப்போடு விழா நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தஞ்சை வட்டாரத்திலேயே மேலட்டூர் பாகவத மேளாவும் இரண்டு குழுக்களாக நடப்பதைப் பார்த்தால், அந்த மண்ணில் கலை ஓங்குவதற்குக் கோபமும் கொஞ்சம் எரு என்று தோன்றுகிறது.

இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பெண்கள் அங்கே பாடக் கூடாது.

பட்டா வாங்கியவர்

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் மைசூர் ராஜ்ஜியத்தின் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். சென்னையில் பாடிப் பெயரும் பொருளும் சேர்த்தவர். சண்டைக்கு அவர் புதியவர் இல்லை. தஞ்சை மராட்டிய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்குவதற்கு 1947 ஆக வேண்டியிருந்தது.

திருவையாற்றுச் சமாதியின் நிலையை அவருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தவர் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா. ஆண்டு 1921. கட்சிகள் இரண்டும் விழா நடத்திக்கொண்டிருந்தாலும், ஆண்டின் மற்ற நாட்களில் சமாதியைக் கவனிப்பார் இல்லை. விழாவுக்கு உரிமை கொண்டாடியவர்கள் பலர். இடத்துக்குப் பொறுப்பேற்றவர் ஒருவரும் இல்லை. நாகரத்தினம்மாள் நேராக வேருக்குப் போனார். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்தார், வாங்கினார். தன் சொத்தையும் நகையையும் போட்டுச் சமாதியைச் சுற்றிக் கோயில் எழுப்பினார். தியாகராஜருக்கு விக்கிரகம் வைத்தார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

நிலம் வாங்கியாயிற்று, கோயில் கட்டியாயிற்று. பாட மட்டும் அனுமதி இல்லை. இரண்டு கட்சிகளும் கதவைச் சாத்தின. அவர் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. 1920களின் பிற்பகுதியில், தான் கட்டிய கோயிலின் பின்புறத்தில், பெண்களைத் திரட்டித் தனி விழா எடுத்தார். ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்தது: பெண்கள் கட்சி. ஆக, ஒரே சமாதியில் மூன்று விழாக்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று.

ஆனால் மற்ற இரு கட்சிகளிடமும் இல்லாத ஒன்று மூன்றாவது கட்சியிடம் இருந்தது. பத்திரம். நிலத்துக்கும் கோயிலுக்கும் சட்டப்படி உரியவரை எத்தனை ஆண்டுகளுக்குத்தான் பின்வாசலில் நிறுத்தி வைக்க முடியும்? 1940 வாக்கில் சமரசப் பேச்சு பழுத்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்கள் ஒரு பக்கம், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி இன்னொரு பக்கம் என்று முயன்று மூன்று கட்சிகளையும் ஒன்றாக்கினார்கள். ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபை அப்படிப் பிறந்ததுதான். பெண்களும் பாடலாம் என்று ஆயிற்று. நாகரத்தினம்மாள் கடைசிவரை திருவையாற்றிலேயே இருந்து 1952இல் மறைந்தார்; அவருடைய சமாதியும் அங்கேதான், தியாகராஜரின் சந்நிதிக்கு அருகில்.

கட்சிகள் ஒன்றானதும் புதிய சிக்கல் வந்தது. மூன்று கட்சி வித்வான்களும் ஒரே பந்தலில். எல்லோருக்கும் ஆராதனை நாளன்று, அந்த முகூர்த்தத்தில் பாட ஆசை. யார் முதலில்? யார் எவ்வளவு நேரம்? நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்களில் அமைந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்தே பாடிவிடுவது என்ற ஏற்பாடு 1940களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரலையாக வரும் அந்தக் கோஷ்டி கானம் ஆதி காலத்துச் சடங்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது பஞ்சாயத்து பேசிக் கண்ட தீர்வு. சங்கீத கலாநிதியும் நேற்று அரங்கேறிய பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தைப் பாடும்போது முன்பின் என்ற பேச்சுக்கே இடமில்லை. அபஸ்வரமும் அவ்வப்போது கேட்கத்தான் செய்கிறது. சபையில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் முகம் சுளிக்கலாம். விழா அமைப்பாளரின் கண்ணால் பார்த்தால் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நிர்வாக யோசனைகளில் ஒன்று அது.

கதவு ஒரு முறை திறந்ததோடு கதை முடியவில்லை. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த காலம். 1946இல் தண்டபாணி தேசிகர் திருவையாற்று மேடையில் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். அடுத்துப் பாட இருந்த வித்வான், சந்நிதி தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லிப் பாட மறுத்தார் என்ற செய்தி கிளம்பியது. பெரியாரின் ‘குடி அரசு’ பற்றிக்கொண்டது. அதில் ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் எழுதிய இளைஞர் மு. கருணாநிதி. அண்ணன் தம்பிச் சண்டை, ஆண் பெண் சண்டை, அதன் பிறகு மொழிச் சண்டை. ஒவ்வொன்றிலும் அடியில் கிடந்தது அதே கேள்விதான். இந்தப் பந்தலுக்குள் யார் வரலாம், யார் பாடலாம், எதைப் பாடலாம், அதை முடிவு செய்ய யாருக்கு உரிமை?

மீனவர் ஊரில் ஓர் இசையமைப்பாளர்

திருவையாற்றில் மூன்று கட்சிகளும் ஒன்றாகி ஏழெட்டு ஆண்டு கழித்து, இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஆல்டுபரோ என்ற சின்ன ஊரில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. சஃபோக் வட்டாரத்து மீனவர் ஊர் அது. சில ஆயிரம் பேர்தான் குடியிருப்பு. கடல் நிலத்தைத் தின்று தின்று, ஊரின் பழைய தெருக்களில் சில தண்ணீருக்குள் போய்விட்டன. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த கவிஞர் ஜார்ஜ் கிராப் அந்த ஊரின் கடுமையான மனிதர்களைப் பற்றி நீண்ட கவிதை எழுதினார். அதில் வரும் ஒரு மீனவனை வைத்துத்தான் பெஞ்சமின் பிரிட்டென் 1945இல் ‘பீட்டர் கிரைம்ஸ்’ என்ற இசை நாடகத்தை அமைத்தார். ஓர் ஊரே சேர்ந்து ஒருவனை விரட்டும் கதை. அதற்கு இசையமைத்த பிரிட்டென் 1947இல் அதே ஊரில், கடலைப் பார்த்த வீட்டில், பாடகர் பீட்டர் பியர்ஸோடு குடியேறினார்.

பிரிட்டெனும் நண்பர்களும் தொடங்கிய சிறு இசை நாடகக் குழு அந்த ஆண்டு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனது. ஊர் ஊராகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவதில் கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். இப்படி அலைவதற்குப் பதில் நம் ஊரிலேயே சின்னதாக ஒரு விழா எடுத்தால் என்ன என்று வழியில் யோசனை சொன்னவர் பியர்ஸ். திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது மேடையைத்தான். விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் எழுந்த ஜூபிலி மண்டபம். முந்நூறு பேர் உட்காரலாம். பாதிரியார் தேவாலயத்தைக் கொடுத்தார்.

அடுத்தது பணம். ஊர்க் கூட்டம் போட்டார்கள். இங்கே ஒரு நல்ல வழக்கத்தைக் கவனிக்கலாம். மொத்தமும் நன்கொடையாகக் கேட்காமல், ‘நஷ்டம் வந்தால் இவ்வளவு வரை நான் தாங்கிக்கொள்கிறேன்’ என்று ஊர்க்காரர்களிடம் உறுதிமொழி வாங்கினார்கள். கொடுத்தவர் கையிலிருந்து உடனே காசு போவதில்லை. ஆனால் விழா நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளும் கவலை அவருக்கும் வந்துவிடுகிறது. சீட்டு விற்பதற்கு அவரே நாலு பேரிடம் சொல்வார். கிரான்புரூக் சீமாட்டி தலைமை ஏற்றார். 1948 ஜூன் 5 முதல் 13 வரை முதல் விழா நடந்தது. தேவாலயத்தில் பிரிட்டெனின் புதிய இசைப் படைப்பு, சின்ன மண்டபத்தில் அவருடைய இசை நாடகம், கிராப் பற்றி எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டரின் உரை. வாத்தியக்காரர்களுக்கு உட்கார இடம் போதாத மண்டபம்தான். ஆனாலும் விழா நிலைத்தது.

இசையமைப்பாளரின் நண்பர் கூட்டம் வந்து நடத்திவிட்டுப் போகும் விழாவாகவே அது நின்றிருக்கக்கூடும். அப்படி நிற்காமல் போனதற்கு 1958 ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டு பிரிட்டென், நோவாவின் வெள்ளக் கதையை வைத்து ‘நாய்ஸ் ஃப்ளட்’ என்ற இசை நாடகத்தை, பக்கத்து ஆர்ஃபோர்டு ஊரின் தேவாலயத்தில் அரங்கேற்றினார். தொழில்முறைக் கலைஞர்கள் கொஞ்சம் பேர்தான். பேழைக்குள் ஏறும் விலங்குகளும் பறவைகளும் பள்ளிப் பிள்ளைகள். வயலினில் பழகிய பிள்ளைக்கு ஒரு பகுதி, வில்லைப் பிடிக்கவே இப்போதுதான் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வெறும் தந்தியை மீட்டினால் போதும் என்று ஒரு பகுதி. சபையோருக்கும் பாட்டு உண்டு. மழைத்துளி சத்தத்துக்கு என்ன செய்வது என்று பிரிட்டென் தவித்தபோது, அவருடைய உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட் சமையலறையில் பீங்கான் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு மரக் கரண்டியால் தட்டிக் காட்டினார். ஆல்டுபரோ கடைத்தெருவில் கோப்பைகள் வாங்கினார்கள். மேடையேறிய பிள்ளைக்கு அப்பா, அம்மா, தாத்தா, அத்தை என்று பத்துப் பேர் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் அத்தனை பேருக்கும் அது ‘நம் பிள்ளை பாடின விழா’ ஆகிவிட்டது.

விழா பெருத்ததும் சின்ன மண்டபம் போதவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி ஸ்னேப் கிராமத்தில், பார்லியை முளைகட்டும் பழைய ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. அதை எண்ணூறுக்கு மேல் இருக்கைகள் கொண்ட அரங்கமாக மாற்றினார்கள்; 1967இல் ராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். இரண்டே ஆண்டில், 1969 ஜூன் 7 அன்று, விழாவின் முதல் இரவிலேயே அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. விழா நிற்கவில்லை; நிகழ்ச்சிகளைத் தேவாலயங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஜூனுக்குள் அரங்கம் மீண்டும் எழுந்தது. ராணி மறுபடியும் வந்தார். ஆனால் விழாவின் மையம் ஊரை விட்டு வெளியே போய்விட்டதும் உண்மை. 2003இல் பிரிட்டெனின் நினைவாக ஆல்டுபரோ கடற்கரையில் எஃகுச் சிப்பிச் சிற்பம் ஒன்றை நிறுவியபோது, ஊர்க்காரர்களில் பலர் வேண்டாம் என்று எதிர்த்தார்கள். சிற்பத்தின் மேல் சாயம் ஊற்றிய சம்பவங்களும் நடந்தன. உலகப் புகழ் வந்து அரை நூற்றாண்டு ஆனாலும், எங்கள் கடற்கரையில் என்ன வைப்பது என்று எங்களைக் கேட்டீர்களா என்ற கோபம் அடங்குவதில்லை.

ஊர் சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. 1969 ஆகஸ்டில் லட்சக்கணக்கானோர் திரண்ட உட்ஸ்டாக் விழா உட்ஸ்டாக்கில் நடக்கவே இல்லை. அடுத்துப் பார்த்த வால்கில் ஊரும் ஒரு மாதத்துக்கு முன்னால் தடை போட்டு விரட்டியது. கடைசியில் பெத்தெல் என்ற ஊரில் மாக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரர் தன் நிலத்தை வாடகைக்குக் கொடுத்ததால்தான் அந்த விழா சரித்திரத்தில் ஏறியது.

மூங்கில் மேடை

இதெல்லாம் பழைய கதை, இப்போது புதிதாக ஒரு சின்ன ஊரில் தொடங்க முடியுமா என்று கேட்பவர்கள் அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோவைப் பார்க்கலாம். அபதானி மக்கள் வாழும் பள்ளத்தாக்கு. நெல் வயலிலேயே மீனும் வளர்ப்பவர்கள். வெளி மாநிலத்தவர் அங்கே போவதற்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் 2012இல், உள்ளூர்க்காரரான பாபி ஹானோவும் டெல்லி ராக் குழுவொன்றின் கிதார் கலைஞர் அனுப் குட்டியும் சேர்ந்து இசை விழா தொடங்கினார்கள். செப்டம்பர் மாதம், வயல்களுக்கு நடுவே, நான்கு நாட்கள். பகலுக்கு ஒரு மேடை, இரவுக்கு ஒரு மேடை. சூரியன், சந்திரன் என்று அபதானி மொழியிலேயே பெயர். மேடை கட்டுவது இரும்புச் சட்டங்களால் அல்ல. உள்ளூர்க் கைவினைஞர்கள் உள்ளூர் மூங்கிலால் கட்டுகிறார்கள். வருகிறவர்கள் கூடாரத்திலும் ஊர் வீடுகளிலும் தங்குகிறார்கள். அந்த வாடகையும் சாப்பாட்டுக் காசும் ஊருக்குள்ளேயே நிற்கின்றன.

ஜிரோவின் வெற்றிக்குக் காரணம் இயற்கை அழகு என்று பயணக் கட்டுரைகள் எழுதும். அழகான பள்ளத்தாக்குகள் நாட்டில் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் விழா இல்லை. வெளியூரின் தொடர்பும் உள்ளூரின் உரிமையும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நின்றது இங்கேதான். வெளியூர் இளைஞர் மட்டும் போயிருந்தால் வயல்காரர் இடம் கொடுத்திருக்க மாட்டார். உள்ளூர்க்காரர் மட்டும் என்றால் அந்த மலைக்கு இசைக்குழுக்களை வரவழைப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

சென்னையில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அது சின்ன ஊர் இல்லையே என்பார்கள். பெருநகரம் நாலு பக்கமும் வளர்ந்து நெருக்கிய மீனவர் ஊர் அது. பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நடை போகிறவர்களில் பலர் அதற்குள் காலடி வைத்ததில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கட்டணம் இல்லை. கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில். சங்கீதத்தைக் குப்பத்துக்குக் கொண்டுபோய் யாருக்கு என்ன உபகாரம் என்று அப்போது எழுந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பாட்டு குப்பத்துக்குப் போனதைவிட, சபா ரசிகர்கள் அந்தத் தெருவுக்கு நடந்து போனதுதான் அங்கே நடந்த புதுமை.

ஏழு கையெழுத்து

தமிழ்நாட்டுச் சின்ன ஊரில் ஒரு குழு இன்று விழா தொடங்கினால் முதலில் முட்டிக்கொள்வது ராகத்தோடு அல்ல, ஒலிபெருக்கியோடு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு விழா, சமய விழா என்றால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை மாநில அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். சின்ன ஊர்களில் பொது மைதானம் என்று இருப்பதே பள்ளி மைதானமாகவோ அரசு மருத்துவமனைக்கு எதிர்ப்புறமாகவோ இருக்கும். ஆகவே இடம் பார்ப்பதுதான் முதல் வேலை; கலைஞரிடம் தேதி கேட்பது அதற்குப் பிறகு.

பாட்டுக்கும் உரிமைக் கணக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆனால் பாட்டு பொதுச்சொத்து. தியாகராஜரைப் பாடுவதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. திரைப்பாட்டுக் கச்சேரி வைத்து நுழைவுச் சீட்டும் விற்றால் கதை வேறு. உரிமம் வாங்க வேண்டும். தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காமல் ரசிகர்களுக்கு முன் பாடினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளும் பஜனைக் குழுவும் நாட்டுப்புறக் கலைஞர்களும் சேர்ந்து இலவசமாக நடத்தும் முதல் ஆண்டு விழாவுக்கு இது பெரிய ஆறுதல்.

அதைவிட முக்கியம் ரசீதுப் புத்தகம். வசூலித்த பணம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை விழாவும் அவர் வீட்டு விழாதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய வழி விடுகிறது. பதிவு செய்துவிட்டால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, ஆண்டுக்கொரு பொதுக்குழு, பதிவாளருக்கு வரவு செலவுக் கணக்கு எல்லாம் கூடவே வந்துவிடும். அண்ணனும் தம்பியும் கோபித்துக்கொண்டாலும் கணக்குப் புத்தகம் இரண்டாகக் கிழியாது. நாகரத்தினம்மாள் பத்திரம் போட்டு வாங்கிய பலத்தை, நிலம் வாங்கப் பணமில்லாத குழு இப்படித்தான் வாங்க முடியும்.

அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் ஊர் தன்னைக் காட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஏழும் ஒரே தெருவாக, ஒரே வயதாக, ஆண்களாக இருக்கும். அழைப்பிதழில் ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று அச்சடித்துவிட்டு, காலனித் தெருவிலிருந்து பறை வாசிக்க மட்டும் ஆள் கூப்பிடும் விழாக்கள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், பறை வாசிக்கும் குழுவிலிருந்து ஒருவர், நாகஸ்வரக்காரர் வீட்டிலிருந்து ஒருவர், வெளியூருக்கு வேலைக்குப் போகாமல் ஊரிலேயே இருக்கும் இளைஞர் ஒருவர் என்று பட்டியல் நீள வேண்டும். பந்தல் போடுபவர் கையெழுத்தும் ஒன்று இருக்கட்டும். போன வருட பாக்கியை எப்போது கொடுப்பீர்கள் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.